ஒலிபெருக்கியில் உறுமல்: குற்றவாளி எர்த்தா?

ஒரு பாட்டு முடிகிறது. அடுத்தது இன்னும் தொடங்கவில்லை. அந்த இரண்டு விநாடி இடைவெளியில் உங்கள் வீட்டு ஒலிபெருக்கியைக் கவனித்திருக்கிறீர்களா? பல வீடுகளில் அது மௌனமாக இருப்பதில்லை. 'ம்ம்ம்' என்று அடித்தொண்டையில் ஓர் உறுமல் கேட்டுக்கொண்டே இருக்கும். பாட்டு தொடங்கியதும் அது மறைந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் மறைவதில்லை, வீணையின் மந்தர நாதத்தையும் மிருதங்கத்தின் தொப்பியையும் அது விழுங்கிக்கொண்டிருக்கும்.

இராமநாதபுரத்திலும் இராமேசுவரம் தீவிலும் இதற்கு எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "எர்த் சரியில்லை." செய்யும் வைத்தியம் இரண்டு. ஆம்ப்ளிஃபையருக்கென்று தனியாக ஒரு குழாயை மணலில் அடித்து இறக்குவது ஒன்று. பிளக்கிலுள்ள தடித்த, நீளமான பின்னைக் கழற்றி எறிந்துவிடுவது மற்றொன்று. இரண்டாவது வைத்தியம் பெரும்பாலும் பலிக்கும், உறுமல் நின்றுவிடும். அதனால்தான் அது ஆபத்தானது. ஏன் என்பதைப் பார்ப்போம்.

முதலில் உறுமலின் சுருதியைக் கவனியுங்கள். நம் வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்னோட்டம் விநாடிக்கு 50 முறை ஊசலாடுகிறது. அந்த 50 ஹெர்ட்ஸ் எப்படியோ பாட்டுடன் கலந்துவிட்டால் உறுமலும் 50 ஹெர்ட்ஸில் இருக்கும். ஆம்ப்ளிஃபையருக்குள் மாறுதிசை மின்னோட்டத்தை நேர்திசை மின்னோட்டமாக மாற்றும் அலைதிருத்தி ஒவ்வோர் அலையின் இரு பாதியையும் பயன்படுத்துவதால், அங்கிருந்து கசியும் உறுமல் அதற்கு இருமடங்காக, 100 ஹெர்ட்ஸில் இருக்கும். சங்கீதம் தெரிந்தவர்களுக்கு ஓர் எளிய அடையாளம் சொல்லலாம். 5 கட்டைச் சுருதியின் ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸ். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே 98. இரண்டு ஸ்தாயி கீழே 49. நம் நாட்டு மின்சாரம் ஏறக்குறைய 5 கட்டையில்தான் பாடுகிறது! சிறிய ஒலிபெருக்கிகளால் 50 ஹெர்ட்ஸைச் சரியாக எழுப்ப முடியாது. அவற்றில் 150, 250 ஹெர்ட்ஸ் போன்ற மேல்சுரங்கள் மட்டும் 'கொர்' என்று கேட்கும்.

இனி ஒரு சிறு சோதனை. ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு, அதற்குள் பாட்டைக் கொண்டுவரும் ஒயர்கள் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள். ஒலிபெருக்கி ஒயர் மட்டும் இருக்கட்டும். மறுபடி போட்டுப் பாருங்கள். உறுமல் அப்படியே இருந்தால் நோய் பெட்டிக்குள் இருக்கிறது. நின்றுவிட்டால் நோய் வெளியில், சாதனங்களை இணைக்கும் விதத்தில் இருக்கிறது. ஒலிபெருக்கியில் ஒன்றும் இல்லாமல் பெட்டியே ரீங்காரம் செய்தால், அது டிரான்ஸ்பார்மரின் இரும்புத் தகடுகள் காந்தமேறி இறங்கும்போது அதிர்வதால் வருவது. அதற்கும் எர்த்துக்கும் சம்பந்தமே இல்லை.

சாயங்காலம் ஏழு மணி உறுமல்

சில வீடுகளில் பகலில் உறுமல் இருக்காது. விளக்கு வைக்கும் நேரத்தில் வந்துவிடும். இரவு பத்து மணிக்குமேல் தானாகப் போய்விடும். இது குறைந்த மின்னழுத்தத்தின் வேலை.

உள்ளூர்க் கடைகளில் அசெம்பிள் செய்யும் ஆம்ப்ளிஃபையர்களில், ஒலியை முதலில் வாங்கிக்கொள்ளும் சிறு பகுதிக்கு 7812 என்ற ஐ.சி. மூலம் 12 வோல்ட் கொடுப்பது வழக்கம். உள்ளே வரும் மின்னழுத்தம் சற்று மேடும் பள்ளமுமாக இருந்தாலும், அதைச் சமன்செய்து 12 வோல்ட்டாகத் தருவது இதன் பணி. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. உள்ளே வருவது வெளியே போவதைவிட ஏறத்தாழ 2 வோல்ட்டாவது அதிகமாக இருக்கவேண்டும். 12 வோல்ட் டிரான்ஸ்பார்மர், அலைதிருத்தி, மின்தேக்கி மூன்றும் சேர்ந்து, வீட்டில் 230 வோல்ட் இருக்கும்போது சுமார் 15½ வோல்ட் தரும், போதும். தெருக்கோடி வீட்டில் மாலையில் 180 வோல்ட்டாக இறங்கினால், அதே அமைப்பு 12 வோல்ட்டைக்கூடத் தொடாது. அப்போது ஐ.சி.யால் எதையும் சமன்செய்ய முடியாது. மேடுபள்ளம் அப்படியே உள்ளே நுழைந்து 100 ஹெர்ட்ஸ் உறுமலாகப் பாட்டுடன் பெருக்கப்படுகிறது. இதற்கு மணலில் குழாய் அடித்து என்ன பயன்? 15 வோல்ட் டிரான்ஸ்பார்மர் போட்டால் போதும், ஐ.சி. சற்றுச் சூடாகும், அவ்வளவுதான். பெட்டி பழையதானால் மின்தேக்கி வறண்டு கொள்ளளவு குறைந்திருக்கலாம். அதை மாற்றவேண்டும்.

மின்னழுத்தம் இறங்கினால் ஒலியின் பலம் எவ்வளவு குறையும் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. 180-ஐ 230-ஆல் வகுத்து இருமடி எடுங்கள்: ஏறக்குறைய 0.61. 100 வாட் ஆம்ப்ளிஃபையர் 61 வாட் தரும். கேட்பதற்கு இது பெரும் நஷ்டம்போலத் தோன்றுகிறது. நம் காதுக்கோ அது 2 டெசிபல் வித்தியாசம்தான்; கவனித்துக் கேட்டால்தான் தெரியும். ஆகவே ஒலி குறைகிறதே என்று ஸ்டெபிலைசர் வாங்கவேண்டியதில்லை. நம் மாவட்டத்தில் கமுதிக்கு அருகே 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. அப்படியும் தெருக்கோடியில் ஏன் வோல்ட்டேஜ் இல்லை என்று சிலர் கோபப்படுகிறார்கள். உற்பத்தி வேறு, உங்கள் தெருக் கம்பியில் ஏற்படும் இறக்கம் வேறு. கம்பத்து டிரான்ஸ்பார்மரிலிருந்து உங்கள் வீடுவரை உள்ள கம்பியின் மின்தடையும், வழியிலுள்ள வீடுகள் இழுக்கும் மின்னோட்டமுமே இதைத் தீர்மானிக்கின்றன. மின்வெட்டின்போது சதுர அலை தரும் மலிவான இன்வெர்ட்டரில் பாட்டுக் கேட்பவர்கள், அந்த நேரத்து 'கொர்' ஒலிக்கும் எர்த்தைக் குறைசொல்ல வேண்டாம்.

வளையம்

இப்போது மற்ற வகை. ஒயர்களைப் பிடுங்கியதும் உறுமல் நின்றுவிட்டது. ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகுகிறீர்கள். கேபிள் டி.வி. பெட்டியிலிருந்து வரும் ஒயரைச் செருகியவுடன் 'ம்ம்ம்'. இது மிகப் பொதுவான நிகழ்ச்சி.

ஆம்ப்ளிஃபையரின் உலோகப் பெட்டி, மூன்று பின் பிளக் வழியாக உங்கள் வீட்டு எர்த்துடன் இணைந்திருக்கிறது. கேபிள் ஒயரின் வெளிச்சுற்றாக உள்ள பின்னல் கம்பியோ தெருவில் வேறு எங்கோ நிலத்தைத் தொட்டுக்கொண்டு வருகிறது. உங்கள் வீட்டு எர்த்தும் அந்த எர்த்தும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதில்லை. பூமி என்பது பூஜ்ஜிய வோல்ட் என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். அது கணக்குக்கு வசதியான ஓர் ஏற்பாடு. நிலத்தில் மின்னோட்டம் ஓடும் இடங்களில் இரண்டு புள்ளிகளுக்கிடையே சில மில்லிவோல்ட்டோ, சில சமயம் சில வோல்ட்டோ வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். இரண்டு எர்த்துகளும் உங்கள் ஒலி ஒயரின் பின்னல் வழியாகச் சேரும்போது ஒரு வளையம் பூர்த்தியாகிறது. அதில் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் சுற்றிவருகிறது.

சொல்வதற்காகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். வித்தியாசம் 50 மில்லிவோல்ட். வளையத்தின் மொத்த மின்தடை 1 ஓம். ஓடும் மின்னோட்டம் 50 மில்லிஆம்பியர். ஒலி ஒயரின் பின்னலும் அதன் முனைகளும் சேர்ந்து 0.1 ஓம் என்றால் அங்கே 5 மில்லிவோல்ட் உருவாகும். ஆம்ப்ளிஃபையருக்கு இது பாட்டா உறுமலா என்று தெரியாது. 300 மில்லிவோல்ட் பாட்டையும் 5 மில்லிவோல்ட் உறுமலையும் சமமாகவே பெருக்கும். அறுபதில் ஒரு பங்கு உறுமல் என்பது மெல்லிய ஆலாபனையில் நன்றாகவே கேட்கும்.

இந்த வளையத்தை எங்கே வெட்டினாலும் உறுமல் நின்றுவிடும். கையில் அகப்படும் சுலபமான இடம் பிளக்கின் எர்த் பின். அதைக் கழற்றுகிறார்கள், நிசப்தம் பிறக்கிறது, 'எர்த்தில்தான் கோளாறு இருந்தது' என்ற முடிவும் பிறக்கிறது.

எர்த் போட்டால் பாட்டு தெளியும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? வால்வு ரேடியோக் காலத்திலிருந்து வந்திருக்கவேண்டும் என்பது என் ஊகம். தனுஷ்கோடி முனைக்கும் தலைமன்னாருக்கும் இடையே கடல் 30 கிலோமீட்டர் அளவுதான். இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த கரை இது. அந்த ரேடியோப் பெட்டிகளின் பின்புறம் 'ஏரியல்', 'எர்த்' என்று இரண்டு துளைகள் இருக்கும். கூரைமேல் கட்டிய கம்பியை ஒன்றிலும், ஈரமண்ணில் புதைத்த கம்பியை மற்றொன்றிலும் செருகுவார்கள். அங்கே எர்த் என்பது ஏரியலின் மறுபாதி. வானொலி அலை தூண்டும் மின்னோட்டம் போய்த் திரும்பும் வழி. அதனால் நல்ல எர்த் உண்மையிலேயே நிலையத்தைத் தெளிவாக்கியது. இன்றைய ஆம்ப்ளிஃபையருக்கு அந்தத் தேவை இல்லை. பாம்பனிலிருந்து கடலுக்குப் போகும் படகில் பாட்டரியில் ஓடும் ஸ்டீரியோவுக்கு எர்த் ஏது? காருக்கு ஏது? அங்கே உறுமல் இல்லையே. பூமி, ஒலியைச் சலித்துச் சுத்தம் செய்யும் சல்லடை அல்ல.

அப்படியானால் எர்த் எதற்கு?

உங்களுக்காக. ஆம்ப்ளிஃபையருக்காக அல்ல.

டிரான்ஸ்பார்மரின் காப்புப் பூச்சு கெட்டு, ஃபேஸ் கம்பி பெட்டியின் உலோகத்தைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எர்த் பின் கழற்றப்பட்டிருந்தால் பெட்டி முழுவதும் 230 வோல்ட். ஆம்ப்ளிஃபையரோ வழக்கம்போலப் பாடிக்கொண்டிருக்கும். வியர்த்த கை, வெறுங்கால், ஈரத்தரை என்ற நிலையில் நம் உடலின் மின்தடையை 1000 ஓம் என்று கொள்ளலாம். ஓடக்கூடிய மின்னோட்டம் 230 மில்லிஆம்பியர். 30 மில்லிஆம்பியரைத் தாண்டினாலே உயிருக்கு ஆபத்து என்று கொள்கிறோம்.

எர்த் பின் இருந்தால், ஃபேஸிலிருந்து பெட்டி வழியாக, எர்த் கம்பி வழியாக நிலத்துக்குப் பெரும் மின்னோட்டம் பாய்ந்து ஃப்யூஸ் போய்விடும் அல்லது எம்.சி.பி. விழுந்துவிடும் என்று எதிர்பார்க்கிறோம். இந்த எதிர்பார்ப்பு நம் மணலில் எவ்வளவு தூரம் நிறைவேறும்? இதுதான் இந்தக் கரையில் கேட்கவேண்டிய உண்மையான கேள்வி.

எர்த் அமைப்பதற்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 3043. 1966-இல் வெளியாகி, 1987-லும் 2018-லும் திருத்தப்பட்டது. அதில் சொல்லும் குழாய் குறைந்தது 2½ மீட்டர் நீளமும் 38 மில்லிமீட்டர் உள்விட்டமும் கொண்ட ஜி.ஐ. குழாய். அந்தக் குழாய்க்கும் நிலத்துக்கும் இடையே உள்ள மின்தடையைக் கணக்கிட ஒரு சூத்திரம் உண்டு. மடக்கையெல்லாம் போட்டுப் பார்த்தால் இந்த அளவுக் குழாய்க்கு விடை எளிமையாக வருகிறது: மண்ணின் மின்தடை எண்ணில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. கடல்நீரின் மின்தடை எண் 0.2 ஓம்-மீட்டர். உப்புநீரில் ஊறிய மணலுக்கு 10 என்று வைத்துக்கொள்ளலாம். நன்னீரில் நனைந்த மணலுக்கு ஐம்பது, நூறு என்ற அளவில் போகும். காய்ந்த மணலுக்கு ஆயிரமும் அதற்கு மேலும்.

ஆக, குழாய் உப்பீரத்தைத் தொட்டால் 3½ ஓம், வெடித்து ஓடும் மின்னோட்டம் 65 ஆம்பியர், எம்.சி.பி. அந்தக் கணமே விழும். குழாய் காய்ந்த மணலில் நின்றால் 350 ஓம், ஓடுவது 0.66 ஆம்பியர்தான். 5 ஆம்பியர் ஃப்யூஸுக்கு அது ஒரு விளக்கு எரிவதுபோல. ஃப்யூஸ் போகாது. பெட்டியும், அந்த எர்த்துடன் இணைந்த குளிர்பதனப் பெட்டியும் கிரைண்டரும் எல்லாம் ஏறக்குறைய 230 வோல்ட்டில் நிற்கும். மணலுக்குள் 150 வாட் வீணாகப் போய்க்கொண்டிருக்கும். நாளொன்றுக்கு 3½ யூனிட்டுக்கு மேல். எந்தக் காரணமும் இல்லாமல் மின்கட்டணம் ஏறுகிறது என்றால் இதையும் சந்தேகிக்கலாம்.

இரண்டுக்கும் நடுவிலுள்ள 50 ஓம் எர்த்தைத்தான் அதிகமாகச் சந்தேகிக்கவேண்டும். மின்பணியாளர்கள் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 100 வாட் குண்டு பல்பை வைத்துப் பார்த்து, "பிரகாசமாக எரிகிறது, எர்த் அருமை" என்று சொல்வார்கள். பல்பின் மின்தடையே 529 ஓம். அதனுடன் 50 ஓம் சேர்ந்தால் வெளிச்சத்தில் பெரிய மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பழுது ஏற்படும்போது இந்த எர்த் வழியாக ஓடக்கூடியது 4.6 ஆம்பியர், 5 ஆம்பியர் ஃப்யூஸ் அசையாது. பல்பு தேறிவிட்டது, எர்த் தேறவில்லை. இந்தச் சோதனையை நீங்கள் செய்யவே வேண்டாம். எர்த் மோசமாக இருந்தால், பல்பு எரியும் நேரத்தில் வீட்டிலுள்ள உலோகப் பெட்டிகளில் எல்லாம் மின்னழுத்தம் ஏறும். எர்த் சோதிப்பதற்கென்றே கருவி இருக்கிறது. அதை வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள்.

மணலும் தண்ணீரும்

தீவின் மணலில் தோண்டினால் கடலுக்கு அருகிலேயே குடிநீர் ஊறுவதைப் பார்த்திருப்பீர்கள். மழைநீர், கனமான கடல்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நன்னீரின் அடர்த்தி 1 என்றால் கடல்நீருக்கு 1.025. வித்தியாசம் நாற்பதில் ஒரு பங்கு. ஆகவே கடல்மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நன்னீர் நின்றால், அதைத் தாங்கக் கீழே 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கமுடியும். கிணற்றுக்கு இது வரப்பிரசாதம். எர்த்துக்கு அப்படியல்ல. குடிக்க இனிக்கும் தண்ணீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்துவதில்லை!

மேலும் நம் மாவட்டத்துக்கு மழை பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். அதற்கு முந்திய மாதங்களில் நீர்மட்டம் இறங்கி, குழாயின் மேற்பாதி வெறும் மணலில் நிற்கும். ஐப்பசியில் அளந்த எர்த்தை நம்பி ஆவணியில் இருக்கமுடியாது. குழிக்கு வாரம் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றும் பழைய பழக்கத்தில் பொருள் இருக்கிறது. ஆனால் மணலில் அது விரைவில் இறங்கிப் போய்விடும். நீளமான குழாயைக் கோடை நீர்மட்டத்துக்கும் கீழே இறக்குவதே நிலையான வழி. கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கரிசல் மண்ணில் எர்த் இயல்பாகவே நன்றாக அமையும். அங்குள்ள தொல்லை வேறு: கோடையில் மண் வெடித்துக் குழாயை விட்டு விலகிவிடும்.

உப்பு என்னும் எதிரி

கடலோரத்தில் உப்பு இருப்பதால் எர்த் நன்றாகத்தானே இருக்கவேண்டும் என்று தோன்றலாம். புதிதாக அமைத்த நாளில் இருக்கும். பிறகு அந்த உப்பே அதைத் தின்னும்.

காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், உலோக அரிப்பை ஆராய மண்டபத்தில் ஒரு கிளையை வைத்திருக்கிறது. அதற்குக் காரணம் நம் காற்றுதான். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் அரிப்புடன் நூறாண்டுக்குமேல் போராடியது. தூக்குப் பகுதி பலவீனமடைந்ததால் 2022 டிசம்பரில் அதன்மீது ரயில் நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் தனி வண்ணப்பூச்சும் பயன்பட்டிருக்கின்றன. பாலத்துக்கே இந்தப் பாடு என்றால், உங்கள் கொல்லைப்புறத்தில் புதைத்த குழாயை யார் பார்த்தார்கள்?

பொதுவாக நடப்பது இது. துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயில் செப்புக் கம்பியை முறுக்கிக் கட்டிவிட்டு மண்ணை மூடிவிடுவார்கள். செம்பு, துத்தநாகம், நடுவில் உப்புநீர்: ஆய்வகத்தில் நாம் செய்யும் மின்கலம் அப்படியே அமைந்துவிட்டது. இந்த மின்கலத்தில் செம்பு தப்பித்துக்கொள்ளும். துத்தநாகம் கரையும், அது தீர்ந்ததும் இரும்பு கரையும். முறுக்கிக் கட்டிய இடத்தில் துரு புகுந்து, தொடுவதுபோலத் தெரியும் கம்பி தொடாமல் நிற்கும். குழாய் நிலத்துடன் நல்ல உறவில் இருக்கும். வீட்டுடன் உறவு அறுந்திருக்கும். ஜி.ஐ. குழாய்க்கு ஜி.ஐ. கம்பியோ பட்டையோ போட்டு, போல்ட்டால் இறுக்கி, இணைப்பைத் தரைமட்டத் தொட்டியில் கண்ணுக்குத் தெரியும்படி வைத்துக் கிரீஸ் பூசினால் ஆயுள் கூடும். குழியில் உப்பும் அடுப்புக்கரியும் அடுக்கடுக்காகப் போடும் முறை உள்நாட்டுச் செம்மண்ணுக்குச் சரி. இங்கே ஏற்கெனவே இருக்கும் உப்புக்கு மேலும் உப்பு போடுவது குழாயின் ஆயுளைக் குறைக்கும் வேலை. கரியும் செம்பைப்போல இரும்பை அரிக்கத் தூண்டும்.

எர்த் அறுந்திருப்பதை வீட்டிலேயே காட்டிக்கொடுக்கும் ஓர் அறிகுறி உண்டு. கணினிப் பெட்டியையோ, மூன்று பின் கொண்ட ஆம்ப்ளிஃபையரையோ புறங்கையால் தடவும்போது 'சுர்' என்கிறது. டெஸ்டர் மங்கலாக எரிகிறது. இத்தகைய சாதனங்கள் பலவற்றில் ஃபேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இரண்டு சிறிய மின்தேக்கிகள் உலோகப் பெட்டியுடன் இணைந்திருக்கும். எர்த் இல்லாதபோது பெட்டி இரண்டுக்கும் நடுவே, ஏறத்தாழ 115 வோல்ட்டில் மிதக்கும். மின்தேக்கிகள் சிறியவை என்பதால் கையில் பாய்வது ஒரு மில்லிஆம்பியருக்கும் குறைவுதான். இந்த 'சுர்' தீங்கு செய்யாது. ஆனால் 'எனக்கு எர்த் இல்லை' என்று பெட்டி சொல்கிறது. அடுத்த பழுதில் தீங்கு வரும்.

கரையோர வீட்டுக்கு நான் முதலில் சொல்வது ஆர்.சி.சி.பி. என்னும் கசிவு காக்கும் சுவிட்ச். எம்.சி.பி.யைப்போலவே தோற்றம், வேலை வேறு. ஃபேஸும் நியூட்ரலும் ஒரே காந்த வளையத்துக்குள் புகுந்து போகும். போனதும் திரும்பியதும் சமமாக இருந்தால் வளையம் சும்மா இருக்கும். 30 மில்லிஆம்பியர் வேறு வழியில், நிலத்துக்கோ உங்கள் உடலுக்கோ போனாலும், கண் இமைக்கும் நேரத்தில் அறுத்துவிடும். மேலே சொன்ன 350 ஓம் எர்த்தில் பாய்ந்த 0.66 ஆம்பியர், ஃப்யூஸுக்கு ஒன்றுமில்லை. இந்தச் சுவிட்சுக்கோ தேவைப்படுவதைப்போல் 22 மடங்கு. மணல் செய்யும் துரோகத்தை இது ஈடுகட்டுகிறது. அதற்காக எர்த்தை விட்டுவிடலாம் என்பதல்ல. எர்த் இருந்தால் நீங்கள் தொடும் முன்பே சுவிட்ச் விழும். இல்லாவிட்டால் நீங்கள் தொட்ட பிறகே விழும். ஒரு கை ஃபேஸிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால் இதுவும் காப்பாற்றாது. உப்புக்காற்றில் இதன் நுட்பமான உறுப்புகளும் இறுகிப்போகலாம். ஆகவே அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். மழைக்காலத்தில் அடிக்கடி விழுகிறது என்று அதைச் சுற்றி ஒயர் போட்டுத் தாண்டிவிடுபவர்கள், நோயைச் சொன்ன வைத்தியரை வெளியேற்றுகிறார்கள்.

ஆம்ப்ளிஃபையருக்குத் தனி எர்த் வேண்டுமா? கூடாது. இரண்டு குழாய்கள் தனித்தனியாக நின்றால், முன்பு பார்த்த மின்னழுத்த வித்தியாசத்தை நாமே விலைக்கு வாங்கி வீட்டுக்குள் வைத்ததாகும். பக்கத்தில் இடி விழும்போது அந்த வித்தியாசம் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்ந்து, டி.வி.க்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் இடையேயுள்ள மெல்லிய ஒயர் வழியாகப் பாயும். இரண்டாவது குழாய் அடிப்பதானால் முதல் குழாயிலிருந்து 5 மீட்டராவது தள்ளி அடித்து, இரண்டையும் தடித்த கம்பியால் இணைத்துவிடுங்கள். மின்தடை ஏறத்தாழ பாதியாகும். எர்த்தை நியூட்ரலுடன் இணைத்துவிட்டால் போதும் என்று யோசனை சொல்பவர்களும் இருக்கிறார்கள். கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால், வீட்டிலுள்ள உலோகமெல்லாம் ஃபேஸ் ஆகிவிடும்.

உறுமலை நீக்கும் முறை

எர்த் பின்னைத் தொடாமலே வளையத்தை வெட்டமுடியும். டி.வி., கேபிள் பெட்டி, ஆம்ப்ளிஃபையர் எல்லாவற்றையும் சுவரின் ஒரே பிளக்கிலிருந்து ஒரே பலகை மூலம் இணைத்துப் பாருங்கள். எல்லா எர்த்துகளும் ஒரே புள்ளியில் சேர்வதால் பாதி வீடுகளில் தொல்லை இத்துடன் தீர்ந்துவிடும். கேபிளிலிருந்துதான் வருகிறது என்றால் டி.வி.யையும் ஆம்ப்ளிஃபையரையும் ஒளியிழையால் இணைக்கலாம். ஒளிக்கு எர்த் கிடையாது, 50 ஹெர்ட்ஸ் அதில் ஏறி வரமுடியாது. அந்த வசதி இல்லாத பெட்டியானால், ஒலி ஒயரின் நடுவில் சமச்சுற்றுகள் கொண்ட சிறிய ஒலி டிரான்ஸ்பார்மரைப் போடலாம். பாட்டு காந்தப்புலமாகத் தாண்டிச் செல்லும். பின்னல் கம்பி தொடர்பறுந்து நிற்கும். ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் தடித்த மின்ஒயர்கள் இப்போது விளம்பரமாகின்றன. கம்பத்திலிருந்து வீடுவரை சாதாரணக் கம்பியில் வந்த மின்சாரம், கடைசி ஒரு மீட்டரில் என்ன ஞானம் பெறும் என்று எனக்குப் புரியவில்லை.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று செய்யுங்கள். ஒலி ஒயர்களின் ஆர்.சி.ஏ. முனைகளைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். நம் கரையில் இரண்டே ஆண்டில் அவற்றில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். முன்பு போட்ட கணக்கில் பின்னலும் முனையும் 0.1 ஓம் என்று எடுத்துக்கொண்டோம். களிம்பு அதைச் சில மடங்கு உயர்த்தும். உறுமலும் அதே வீதத்தில் ஏறும். கடலுப்பிலுள்ள மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. அதனால் இந்த முனைகள் ராத்திரியில் நனைந்தும் பகலில் காய்ந்தும் 'கரகர' என்று வேறொரு சத்தத்தையும் சேர்க்கும். மின்இணைப்பை எடுத்துவிட்டு, இணைப்பு முனைகளைத் துடைக்கக் கடையில் விற்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, நன்றாக உலர்ந்தபின் இறுக்கமாகச் செருகவும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவேண்டாம். மேற்பூச்சு போய் அடுத்த களிம்பு இன்னும் சீக்கிரம் வரும். ஆவணி மாதம் எர்த் குழித் தொட்டியைத் திறந்து போல்ட்டைப் பார்க்கும் அன்றைக்கே இதையும் செய்துவிடலாம்.